கேளுங்க சொல்றேன்: மெஷின் சொன்னா அதுதான் உண்மையா?

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் சேத்து வச்சு படிச்சா முக்காவாசி ஒரே விஷயமாத்தான் இருக்குது. நம்மளுது ஏதோ ஒன்னு அடுத்தவங்க கையில இருக்குது, ரேகையோ ஆதாரோ பாஸ்வேர்டோ கணக்கோ, அத அவங்க எப்படி வச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியல. நெறைய பேரு பேர் போட வேணாம்னு கேட்டதால யார் பேரும் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா, நான் தக்காளி வெக்கிறவ. உரிமைத் தொகை மாசம் ஆயிரத்த எடுக்காம சேத்து வச்சிருந்தேன். அதுல 10,000 ஒரு நாளு, 4,000 மறுநாளு எடுத்ததா மெசேஜ் வந்திருக்குது. இங்கிலீஷ்ல இருந்ததால எனக்குத் தெரியல, ரெண்டு நாள் கழிச்சு பேத்திதான் படிச்சு சொன்னா. என்கிட்ட ஏ.டி.எம். கார்டே இல்ல, யாருக்கும் ஓ.டி.பி. சொல்லல. "நீதான் யாருக்கோ நம்பர் சொல்லியிருப்ப"ன்னு பையன் தெனம் திட்டுறான். (பாலக்கோடு)

பதில்: மொதல்ல இந்தப் பக்கத்த உங்க பையன் கையில குடுத்து படிக்கச் சொல்லுங்கம்மா. நீங்க யாருக்கும் எதுவும் சொல்லாமயே பணம் போக வழி இருக்குது. ஊருக்குள்ள சின்ன மெஷின் எடுத்துட்டு வந்து வெரல் ரேகை வாங்கி பணம் குடுப்பாங்களே, அதுக்குப் பேரு ஏ.இ.பி.எஸ். எந்த பேங்க்குங்கறது, ஆதார் நம்பர், ரேகை, இந்த மூனு இருந்தா போதும், கார்டு வேணாம், பின் வேணாம், ஓ.டி.பி.யும் வராது. பஸ் இல்லாத ஊர்ல இருக்கற வயசானவங்களுக்கு அது பெரிய உதவி, அத நான் கொற சொல்லல. ஆனா கார்டு தொலஞ்சா வேற வாங்கலாம், பின் வெளிய தெரிஞ்சா மாத்திக்கலாம், வெரல எங்க போயி மாத்தறது?

நம்ம ரேகை எங்கெங்க இருக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. நெலம் வாங்கினப்ப வித்தப்ப பத்திரத்துல வச்சோம், அதே பத்திரத்துல ஆதார் நம்பரும் இருக்கும். 2023ல வேற மாநிலங்கள்ல இப்படி பத்திர நகல்ல இருந்து ரேகைய எடுத்து, சிலிக்கான்ல அச்சு வார்த்து, அத மெஷின்ல வச்சு பணம் எடுத்த கும்பல்கள போலீஸ் புடிச்சாங்க. வெக்கிறது உயிருள்ள வெரலா இல்ல அச்சான்னு பாக்கற சோதனைய ஆதார் ஆணையமும் அந்த வருஷமே கொண்டாந்துச்சு. இன்னொரு வழி ரொம்ப சாதாரணமானது, "ரேகை விழலம்மா, இன்னொரு வாட்டி வைங்க"ன்னு ரெண்டு வாட்டி வாங்கிக்கறது. உங்க பணம் எந்த வழில போச்சுன்னு விசாரிச்சாதான் தெரியும், ஆனா எந்த வழியா இருந்தாலும் அதுல உங்க தப்பு எங்கயும் இல்ல.

உங்க கடுதாசி வந்த அன்னைக்கே போன் பண்ணி இத சொல்லிட்டேன், மத்தவங்களுக்காக இங்க எழுதறேன். உடனே 1930க்கு (ஆன்லைன்ல பணம் திருடு போனா சொல்ற உதவி நம்பர்) போன் பண்ணணும், பணம் போன ஒடனே சொன்னா போய்ச் சேர்ந்த அக்கவுண்ட்லயே நிறுத்தி வெக்க வாய்ப்பிருக்குது. அப்புறம் பேங்க்குக்கு நேர்ல போயி எழுத்துல புகார் குடுத்து, நகல்ல சீல் வாங்கிக்கணும், வாயால சொல்லிட்டு வந்தா அது கணக்குல சேராது. ரிசர்வ் பேங்க் 2017 ஜூலை 6ல போட்ட சுற்றறிக்கை ஒன்னு இருக்குது, தப்பு உங்க மேலயும் இல்ல பேங்க் மேலயும் இல்லன்னா, பேங்க் தகவல் வந்து 3 வேலை நாளுக்குள்ள நீங்க சொல்லிட்டா உங்களுக்கு ஒரு ரூபா நஷ்டம் கூட வரக்கூடாது. நீங்க சொன்ன 10 வேலை நாளுக்குள்ள அந்தத் தொகைய கணக்குல வரவு காட்டணும், 90 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். தப்பு கஸ்டமர் மேலதான்னு பேங்க் சொன்னா நிரூபிக்க வேண்டியது பேங்க்கோட பொறுப்பு. இத கவுண்டர்ல சத்தமா சொல்லுங்க. 30 நாள்ல பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க்கோட ஆம்புட்ஸ்மேன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கறவரு) போகலாம், வழி கேக்க 14448.

இனிமே போகாம இருக்க ஆதார்ல பயோமெட்ரிக் லாக், அதாவது ரேகைக்கு ஒரு பூட்டு, போடுங்க. ஆதார் ஆணையத்தோட ஆப்லயோ ஆதார் சென்டர்லயோ போடலாம், ஆதாரோட உங்க மொபைல் நம்பர் சேந்திருக்கணும். லாக் போட்டா ரேஷன் கடையிலயும் ரேகை விழாது, இத யாரும் மொதல்லயே சொல்றதில்ல, அங்க போயி நின்னு மெஷின் ஒத்துக்காம திரும்பி வர்றாங்க. ரேஷனுக்குப் போற அன்னைக்கு பேத்திய கொஞ்ச நேரத்துக்கு தொறந்து விடச் சொல்லுங்க, அது தானா திரும்ப பூட்டிக்கும். 2023 ஜூலையில உரிமைத் தொகைக்கு விண்ணப்ப முகாம நம்ம தொப்பூர்லதான் முதலமைச்சர் தொடங்கி வச்சாரு, அக்கவுண்ட் ஆரம்பிக்க அத்தன பேர வரிசையில நிக்க வச்சோம், இந்த பூட்டு எப்படி போடறதுன்னு அதே வரிசையில ஒரு நிமிஷம் சொல்லிக் குடுத்திருக்கலாம்னு எனக்கு இன்னிக்கும் ஆதங்கம் இருக்குது.

கேள்வி: ஞாயித்துக்கெழம சந்தையில ஆடு வித்தேன். வாங்கினவரு "இந்த கியூஆர ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் ஏறிடும்"னாரு. போடலாமா? (போச்சம்பள்ளி)

பதில்: போடக்கூடாதுங்கணா. பணம் வர்றதுக்கு பின் நம்பர் எப்பவுமே வேணாம், பின் போட்டா பணம் நம்மகிட்டருந்து போகுதுன்னு அர்த்தம். அவரு போன்ல "சக்சஸ்"னு காட்டறதையும் நம்பாதீங்க, அந்த மாதிரி காட்டறதுக்கே போலி ஆப் இருக்குது, உங்க பேங்க் கணக்குல ஏறினத நீங்களே பாத்துட்டு ஆட்ட அவுத்து விடுங்க.

கேள்வி: அஞ்செட்டி பக்கம் மலையில மினி பேங்க் நடத்தறேன், பணம் எடுக்கறது போடறது எல்லாம் என் மெஷின்லதான். டவர் பாதி நேரம் இருக்காது. போன மாசம் கணக்குல 8,200 குறையுதுன்னு மேல இருந்து சொல்றாங்க. நான் ஒரு பைசா தொடல. "மெஷின் பொய் சொல்லாதும்மா, நீங்கதான் எங்கயோ விட்டிருப்பீங்க, கட்டிடுங்க"ன்றாங்க. வேல போயிடும்னு பயந்து நகைய அடகு வச்சு கட்டலாம்னு இருக்கேன். (அஞ்செட்டி)

பதில்: கட்டாதீங்க. கட்டாயப்படுத்தினா, "குறைவுக்கு நான் பொறுப்பில்ல, விசாரணை முடியற வரைக்கும் ஆட்சேபணையோட கட்டறேன்"னு எழுதிக் குடுத்துட்டு கட்டுங்க. ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா இதே கதை இங்கிலாந்துல நடந்திருக்குது, அத நீங்க தெரிஞ்சுக்கணும்.

அங்க கிராமத்து போஸ்ட் ஆபீஸ்ங்கள உங்கள மாதிரியே தனி ஆளுங்கதான் எடுத்து நடத்துவாங்க. 1999ல இருந்து அவங்களுக்கு ஹொரைசன்னு ஒரு கணக்கு சாஃப்ட்வேர் குடுத்தாங்க, ஃபுஜிட்சுங்கற கம்பெனியோடது. கொஞ்ச நாள்லயே பல ஊர்ல சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பணம் குறைஞ்சுது. போன் பண்ணி கேட்டா "மெஷின் சரியாத்தான் இருக்குது, வேற யாருக்கும் இந்த பிரச்சன இல்ல"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொன்னாங்க. அவங்களும் தனக்கு மட்டும்தான்னு நெனச்சு வெளிய சொல்ல வெக்கப்பட்டுகிட்டு வீட்ட அடகு வச்சு கட்டினாங்க. கட்ட முடியாதவங்கள திருட்டு கேஸ், பொய்க்கணக்கு கேஸ்னு கோர்ட்டுக்கு இழுத்தாங்க. 900 பேருக்கு மேல தண்டனை ஆச்சு. அதுல சீமா மிஸ்ரான்னு இந்திய வம்சாவளி பொண்ணு ஒருத்தங்க, 2010ல வயித்துல புள்ளையோட ஜெயிலுக்குப் போனாங்க. 2021லதான் அவங்க மேல குத்தம் இல்லன்னு கோர்ட்டு சொல்லுச்சு, நடுவுல போன 11 வருஷத்த யாரு குடுப்பா?

ஆலன் பேட்ஸ்னு இன்னொரு போஸ்ட்மாஸ்டர், அவருதான் இந்த மாதிரி ஆளுங்கள ஒவ்வொருத்தரா தேடிப் புடிச்சு 555 பேர சேத்து கேஸ் போட்டாரு. 2019 டிசம்பர்ல ஜட்ஜு தெளிவா எழுதிட்டாரு, சாஃப்ட்வேர்ல பிழை இருந்துச்சு, கணக்கு குறையறதுக்கு அது காரணமா இருக்க முடியும்னு. கம்பெனி ஆளுங்க தூரத்துல இருந்தே கடைக்கணக்குக்குள்ள கை வைக்க முடியும்ங்கறதும் வெளிய வந்துச்சு, அது முடியாதுன்னுதான் அத்தன வருஷமா சொல்லிட்டிருந்தாங்க. கடைசில 2024ல தனியா சட்டம் போட்டு தண்டனைங்கள ரத்து பண்ண வேண்டியதாச்சு.

அதனால "மெஷின் பொய் சொல்லாது"ன்னு யாராவது சொன்னா மெஷின எழுதினது மனுஷங்கதான்னு சொல்லுங்க. உங்க ஊர்ல டவர் போய்ட்டு வருதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, பாதியில கட்டான டிரான்சாக்ஷன்தான் எனக்கு மொதல் சந்தேகம், இந்தப் பக்கம் ஃபெயில்னு காட்டிட்டு அந்தப் பக்கம் பதிவாயிருக்கும், இல்ல அப்படியே தலகீழா. குறைஞ்ச நாளோட முழு டிரான்சாக்ஷன் பட்டியல, ஃபெயில் ஆனதையும் சேத்து, எழுத்துல கேளுங்க, போன்ல கேக்காதீங்க. இன்னிக்கு இருந்து ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி ஒவ்வொரு எடுப்புக்கும் நேரம், தொகை, சிலிப்புல இருக்கற ரெஃபரன்ஸ் நம்பர், ஃபெயில் ஆனா ஸ்கிரீன போட்டோ. ராத்திரி கைல இருக்கற பணத்த எண்ணி எழுதி வீட்டுல ஒருத்தர்கிட்ட கையெழுத்து. முக்கியமா, பக்கத்துல மினி பேங்க் நடத்தற மத்தவங்ககிட்ட வெக்கப்படாம கேளுங்க, உங்களுக்கும் குறையுதான்னு.

கேள்வி: அக்கா, பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். ஆதார் எல்லாம் என் கடை வாட்ஸ்அப்புக்குதான் அனுப்புறாங்க, பாஸ்வேர்டயும் "நீயே வச்சுக்கோ தம்பி, எனக்கு மறந்துடும்"ன்னு என் நோட்டுலயே எழுத சொல்றாங்க. சில பேருக்கு போன் இல்லன்னு என் நம்பரயே குடுத்து அப்ளை பண்ணியிருக்கேன். இதெல்லாம் தப்பா? (பென்னாகரம்)

பதில்: கேக்கணும்னு தோணுச்சே, அதுக்கே உங்கள கும்பிடறேன் தம்பி. நானும் பதினாலு வருஷம் சென்டர் நடத்தினவ, ஒன்னு சொல்றேன், இது வரைக்கும் எழுதினதில்ல.

2016ல ஒரு பொண்ணு எக்ஸாமுக்கு அப்ளை பண்ண வந்துச்சு. போட்டோ, சர்டிஃபிகேட், விண்ணப்பம் எல்லாத்தையும் டெஸ்க்டாப்ல போட்டு வேலைய முடிச்சேன், அழிக்க மறந்துட்டேன். மறுநாள் அதே கம்ப்யூட்டர்ல உக்காந்த ஒரு பையன் விண்ணப்பத்துல இருந்து நம்பர எடுத்து அந்தப் பொண்ணுக்கு போன் மேல போன். அவங்கப்பா வந்து என்கிட்ட சண்ட போடல, ஒரு வார்த்த பேசல. பொண்ண எக்ஸாமுக்கு அனுப்பாம விட்டுட்டாரு, அடுத்த வைகாசியில கல்யாணம் பண்ணிட்டாரு. ஒரு ஃபைல். அழிக்க ரெண்டு செகண்ட் ஆகியிருக்கும்.

நீங்க இன்னிக்கே செய்ய வேண்டியது, அந்த பாஸ்வேர்டு நோட்ட மூடுங்க. ஒவ்வொருத்தரும் அடுத்த வாட்டி வரும்போது அவங்களுது பக்கத்த கிழிச்சு அவங்க கையிலயே குடுங்க, வீட்டுல சாமி படத்துக்கு பின்னாடி வச்சாலும் உங்க கடை டிராயர விட அது மேல். உங்க நம்பர் குடுத்தது எல்லாத்துலயும் மாத்திக் குடுங்க, அவங்க புள்ளைங்க நம்பரோ அண்ணன் தம்பி நம்பரோ, ஏன்னா நாளைக்கு அதுல ஏதாவது ஆச்சுன்னா ஓ.டி.பி. வந்தது உங்க போனுக்குதான்னு போலீஸ் உங்க வாசல்லதான் நிக்கும், நீங்க நல்லது செய்யத்தான் குடுத்தீங்கன்னு அங்க எப்படி காட்டுவீங்க? வாட்ஸ்அப்ல வந்த ஆதார் பிரின்ட் போட்ட ஒடனே அழிச்சிடணும், கேலரிலயும் பாக்கணும். வேற எங்கயாவது அடையாளத்துக்கு காட்ட கேட்டா மாஸ்க்டு ஆதார் எடுத்துக் குடுங்க, கடைசி 4 நம்பர் மட்டும்தான் தெரியும். கஸ்டமர் லாகின் பண்றது எல்லாம் கெஸ்ட் விண்டோல, எழுந்து போனதும் மூடிடுங்க. தப்பா வந்த ஜெராக்ஸ கடலை மடிக்க குடுக்காதீங்க, கிழிச்சு போடுங்க.

கேள்வி: எங்க காலேஜ் ரிசல்ட் பக்கத்துல அட்ரஸ்ல என் ரிஜிஸ்டர் நம்பர மாத்தினா அடுத்தவங்க மார்க், போன் நம்பர், அப்பா சம்பளம் வரைக்கும் வருது. சொன்னா என் மேலயே கேஸ் போடுவாங்கன்னு ஃபிரண்ட்ஸ் சொல்றாங்க. சும்மா இருந்துடவா? (கிருஷ்ணகிரி)

பதில்: சும்மா இருக்காதீங்க தம்பி, ஆனா இதோட நிறுத்திக்கோங்க. ஒன்னு ரெண்டு நம்பர் மாத்திப் பாத்தது தெரிஞ்சுக்க. 500 பேரோடத இறக்கி வச்சா அது வேற. ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 43வது பிரிவுபடி அனுமதி இல்லாம பாத்தாலே, எடுத்தாலே நஷ்டஈடு கேக்கலாம், அதையே கெட்ட எண்ணத்தோட பண்ணா 66வது பிரிவு, 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 5 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். அதனால உங்க ஃபிரண்ட்ஸ் பயப்படறதுல அர்த்தம் இருக்குது.

உங்க பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட் ஒன்னு, என்ன மாத்தினா என்ன வருதுன்னு நாலு வரி, அடுத்தவங்க விவரம் ஒன்னு கூட அதுல வேணாம். நம்பிக்கையான ஒரு சாரயோ மேடத்தையோ கூட வச்சுகிட்டு ஹெச்.ஓ.டி.க்கு மெயில் போடுங்க. கண்டுக்கலன்னா செர்ட்-இன்னுக்கு அனுப்புங்க, இந்த மாதிரி ஓட்டைங்கள வாங்கி சம்பந்தப்பட்டவங்ககிட்ட சொல்றது மத்திய அரசோட அந்த அமைப்புக்கு வேல. இன்ஸ்டாவுல போடாதீங்க, சரி பண்றதுக்கு முன்னாடி ஊருக்கே வழி காட்டின மாதிரி ஆயிடும்.

ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு இன்ஜினியர், 2024 மார்ச்ல தன் கம்ப்யூட்டர்ல எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து ஒரு கம்ப்யூட்டருக்குள்ள போற வழி) லாகின் அர செகண்ட் லேட்டா ஆகுதேன்னு தோண்டிப் பாத்தாரு. உலகத்துல லினக்ஸ்ங்கற மென்பொருள்ல ஓடற எத்தனையோ சர்வர்ல போய்ச் சேர இருந்த கள்ளக்கதவு ஒன்னு எக்ஸ்இசட்ங்கற சின்ன மென்பொருளுக்குள்ள இருந்துச்சு, வருஷக்கணக்கா நல்லவன் மாதிரி கூட வேல செஞ்ச ஒருத்தன் வச்சது. ஃப்ராயிண்ட் மொதல்ல லினக்ஸ் வெளியிடறவங்களுக்கு தனியா சொல்லிட்டு, அப்புறம் மார்ச் 29ல எல்லாருக்கும் சொன்னாரு. அந்த வரிசைய பாத்துக்கோங்க.

கேள்வி: கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வந்துச்சு, தெரிஞ்ச மாங்கா மண்டி நம்பர்ல இருந்து. தொறந்தா இன்ஸ்டால் கேக்குது. (காவேரிப்பட்டணம்)

பதில்: பத்திரிகைக்கு இன்ஸ்டால் எதுக்குங்க? பேரு கடைசில ஏபிகேன்னு இருந்தா அது ஆப், உள்ள போனா மெசேஜ் எல்லாம் படிக்கும், ஓ.டி.பி. நேரா திருடன்கிட்ட போகும். தெரிஞ்ச நம்பர்ல வந்துச்சுன்னா அவரு போன் ஏற்கனவே மாட்டிகிச்சுன்னு அர்த்தம், போன் பண்ணி சொல்லுங்க. போட்டிருந்தா நெட்ட அணைச்சுட்டு வேற போன்ல இருந்து பேங்க்குக்கும் 1930க்கும் பேசுங்க.

கேள்வி: பொண்ணு சேலத்துல ஹாஸ்டல். அவளுக்குத் தெரியாம போன்ல ஒரு ஆப் போட்டா எங்க போறா யார்கிட்ட பேசறான்னு பாக்கலாமாம். வீட்டுக்காரர் போடச் சொல்றாரு. (அரூர்)

பதில்: வேணாங்க. உங்க பயம் எனக்குப் புரியுது, ஆனா அந்த ஆப் எடுக்கற மெசேஜ், போட்டோ, எடம் எல்லாம் உங்களுக்கு மட்டுமா வருது, மொதல்ல எங்கயோ இருக்கற கம்பெனி சர்வருக்குப் போகுது. இந்த மாதிரி வேவு ஆப் கம்பெனிங்ககிட்டருந்தே டேட்டா திரும்பத் திரும்ப வெளிய போயிருக்குது, எம்ஸ்பைங்கற ஒன்னுல மட்டும் 2015, 2018, 2024ன்னு மூனு வாட்டி. பொண்ண பாதுகாக்கறேன்னு பொண்ணோட அந்தரங்கத்த முன்ன பின்ன தெரியாதவன் வீட்டுல கொண்டு போய் வச்ச மாதிரி. பஸ்ல வரும்போது லைவ் லொக்கேஷன் அனுப்பும்மான்னு கேளுங்க, அவளே அனுப்புவா, எறங்கினதும் அவளே நிறுத்துவா. நாளைக்கு எவனாவது போட்டோவ காட்டி மெரட்டினா ராத்திரி 12 மணிக்கும் அவ மொதல்ல உங்களத்தான் கூப்பிடணும். ஒளிஞ்சு பாத்த அம்மாவ எந்தப் பொண்ணும் கூப்பிடாது. இத வீட்டுக்காரர்கிட்டயும் படிச்சுக் காட்டுங்க.

கேள்வி: தெனம் எலக்ட்ரானிக் சிட்டிக்கு போய் வர்றேன், சின்ன கம்பெனி. விவசாயிங்களுக்கு மார்க்கெட் வெல சொல்ற ஆப் பண்றோம். கான்டாக்ட் லிஸ்ட், எந்நேரமும் லொக்கேஷன் ரெண்டையும் எடுக்க சொல்லி கோடு எழுத சொல்றாங்க. "பாலிசியில ஒரு ஓரத்துல போட்டுக்கலாம், அவங்க படிக்கவா போறாங்க"ன்றாரு மேனேஜர். என் அப்பாவே ராயக்கோட்டையில தக்காளிக்காரர், இந்த ஆப்ப அவரும் போடுவாரு. (ஓசூர்)

பதில்: கடைசி வரியிலயே உங்க பதில் இருக்குது தம்பி, ஆனா வேலையும் வேணும், அதனால வழியும் சொல்றேன்.

வெல சொல்றதுக்கு மாவட்டம் தெரிஞ்சா போதும், மாமன் மச்சான் நம்பர் எதுக்கு? 2023ல வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்பு சட்டத்துலயே இதுக்கு ஒரு உதாரணம் எழுதியிருக்காங்க, போன்ல டாக்டர பாக்கற ஆப் ஒன்னு கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேக்குது, ஆப் போட்டவங்க சரின்னு தட்டிட்டாங்க, இருந்தாலும் வைத்தியத்துக்கு அது தேவையில்லாததால அந்த சம்மதம் செல்லாதுன்னு. சம்மதம் கேக்கற நோட்டீஸ தமிழ்ல படிக்கவும் வாய்ப்பு குடுக்கணும். பாதுகாப்பு சரியில்லாம டேட்டா வெளிய போச்சுன்னா அபராதம் 250 கோடி வரைக்கும். விதிகள் 2025 நவம்பர்ல வந்துடுச்சு, முக்கியமான பகுதிக்கு 18 மாசம் அவகாசம் குடுத்திருக்காங்க, அந்த அவகாசத்துல சரி பண்ணிக்கணும், புதுசா தப்பு எழுதக்கூடாது.

"மேல சொன்னாங்க, நான் எழுதினேன்"ங்கறது காப்பாத்துமான்னா, ஃபோக்ஸ்வாகன் கார் கம்பெனி கதைய பாருங்க. டெஸ்ட்ல இருக்கும்போது மட்டும் புகைய கம்மியா காட்டற சாஃப்ட்வேர் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்ல இருந்தது 2015ல வெளிய வந்துச்சு. ஜேம்ஸ் லியாங்னு அங்க வேல பாத்த இன்ஜினியர், முதலாளி கிடையாது, குத்தத்த ஒத்துகிட்டாரு, 2017ல அவருக்கு 40 மாசம் ஜெயில்.

மேனேஜர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. ஆப் கேக்கற ஒவ்வொரு பர்மிஷனுக்கும் பக்கத்துல எந்த வேலைக்கு வேணும்னு ஒரு வரி எழுதி மெயில்ல அனுப்புங்க, காரணம் இல்லாத எடத்த காலியா விட்டு "இது எதுக்குன்னு சொன்னா சேத்துடறேன்"னு கேளுங்க. வாயால பேசும்போது ஈசியா சொல்லிடுவாங்க, அந்த காலி எடத்துல தன் பேர போட்டு எழுதறதுக்கு பாதி பேரு யோசிப்பாங்க. பதில் வந்தா எனக்கும் சொல்லுங்க, கம்பெனி பேரு வேணாம்.